ஆறாம் பல்லுக்கும் ஏழாம் பல்லுக்கும் நடுவில்

அந்தப் பல்லை அடைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டியவர்கள் முன்னால், வாயைத் திறக்காமல் நின்றவள் நான்.

பல் மருத்துவம் படித்து முடித்ததும் மதுரையில் அரசரடிப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று நாற்காலி போட்ட இடம். அதை நடத்தியவர் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகத் தொழிலில் இருந்த பெரிய டாக்டர். வேகமான கை அவருக்கு. ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று சனங்கள் சொல்வார்கள். அது உண்மைதான். நான் பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் என்னைப் படிக்க வைத்தார்கள். மதுரையில் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. அந்த வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்தேன். பெரிய டாக்டர் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பதுதான் என் பதில்.

அந்த அம்மா சோழவந்தானிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கொடிக்காலிலிருந்து வருகிற வெற்றிலையைத் தரம் பார்த்துப் பிரித்து, நூறு நூறாக அடுக்கி, கவுளி கட்டுகிற வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தபடியே செய்கிற வேலை என்பதால் எழுந்து நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கீழ்த்தாடையில் வலது பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் அரித்திருந்தது.

சனிக்கிழமை. வெளியே நாற்காலிகள் நிறைந்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் ஊசி போட்டார், சொத்தையைச் சுரண்டி எடுத்தார், பாதியில் எழுந்துவிட்டார். "டாக்டர், இத மூடிருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அந்த அம்மாவின் முகத்தில் பச்சைத் துணி போர்த்தியிருந்தது. வாய்க்கு மட்டும்தான் திறப்பு. யார் எழுந்தார், யார் உட்கார்ந்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கிற குழியை அடைப்பது சுவரில் ஓட்டை அடைப்பது போன்ற வேலை அல்ல. அடைக்கிற பொருள் பக்கத்துப் பல்லில் ஒட்டிவிடக் கூடாது. அதேநேரம் பக்கத்துப் பல்லைத் தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். தொடவில்லையென்றால் சாப்பிடுவதெல்லாம் அந்தச் சந்தில் போய் உட்காரும். அதற்காகப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய தகட்டை வளைத்துக் கட்டி, அதை அச்சாக வைத்துக்கொண்டு அடைப்போம். எங்கள் கிளினிக்கில் இருந்தது பழைய வட்டப் பட்டை. பல்லை முழுதாகச் சுற்றி, ஒரு திருகால் இறுக்குவது. பெரிய டாக்டர் படித்த காலத்தில் வெள்ளி நிறக் கலவையைப் போட்டு அடைப்பார்கள். அதைக் கையால் அழுத்தி அமுக்கினால் பட்டையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பல்லில் முட்டும். இப்போது போடுகிற வெள்ளை அடைப்பு மாவு மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் தள்ளாது. பொருள் மாறியது. அவர் பட்டையை மாற்றவில்லை. எனக்கும் கல்லூரியில் அந்தப் பட்டையைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, பட்டையைக் கழற்றினேன். பல்லிடுக்கில் நூலை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் தடுக்காமல் சர்ரென்று இறங்கி வெளியே வந்துவிட்டது. அப்படி வரக் கூடாது. வந்தால் இரண்டு பல்லும் தொட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கல்லூரியாக இருந்தால் முழுவதையும் பெயர்த்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார்கள். பெரிய டாக்டரிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"சார், கான்டாக்ட் வரல."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பரவால்ல, விடுங்க. மாட்டுச்சுன்னா அவங்களே வருவாங்க. பாத்துக்கலாம்."

"சரி சார்" என்றேன். துணியை எடுத்தபோது அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே அந்த அம்மா வந்தார். இரண்டு வாரம் ஆகியிருக்கும். கீரைத் தண்டு, கறி நார், முருங்கைக்காய் எது தின்றாலும் அந்த இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது, ஊக்கை விட்டுக் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். பெரிய டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை வைத்து ஒரு நொடி பார்த்தார்.

"சோழவந்தான்தான? வெத்தல போடுறத நிறுத்துங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாயில் டாக்டரின் கண்ணாடி இருந்தது. அதை எடுத்த கையோடு அவர் அட்டையில் வெற்றிலைப் பழக்கம் என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். பல் துலக்குகிற முறையைச் சொல்லி அனுப்பும் வேலை எனக்கு. பிளாஸ்டிக் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை இப்படிச் சாய்க்க வேண்டும், இப்படிச் சுழற்ற வேண்டும் என்று ஐந்து நிமிடம் பாடம் எடுத்தேன். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். என் தவறுக்கு அவரைப் பல் விளக்கப் பழக்கினேன். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நாலைந்து மாதம் கழித்து மறுபடி வந்தபோது ஈறு வீங்கியிருந்தது. சுத்தம் செய்தோம், வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தோம். அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் நிறுத்தலையா?" என்று கேட்டுவிட்டுப் பெரிய டாக்டர் போய்விட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் அந்த அம்மா என் கையைத் தொட்டார்.

"தாயி, நான் வெத்தலையே போட மாட்டேன். சுண்ணாம்பு எனக்குச் சேராது. ஒருக்கா போட்டுட்டு மயங்கி விழுந்துட்டேன். கட்டுறதோட சரி."

"அப்படியாம்மா. நான் சார்கிட்டச் சொல்லுறேன்."

சொல்லவில்லை. சொன்னால் அட்டையைத் திருத்த வேண்டும். திருத்தினால் வேறு காரணம் தேட வேண்டும். தேடினால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் ஒரு ஓட்டல் மாடியில் பல் மருத்துவர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அடைப்பது எப்படி என்பதுதான் பாடம். அங்கேதான் முதல்முதலாகத் துண்டுப் பட்டையைக் கையில் எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகடு, அவரைவிதை மாதிரி வளைந்தது. பல்லை முழுதாகச் சுற்றாமல் சொத்தை இருக்கிற பக்கத்தில் மட்டும் செருகுகிறார்கள். கீழே ஈறு ஓரமாக ஒரு சின்ன ஆப்பு. அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங் வளையம். அந்த வளையத்தின் இரண்டு கால்களும் பல்லிடுக்கில் உட்கார்ந்து, இரண்டு பல்லையும் மயிரிழை அளவுக்கு விலக்கிப் பிடிக்கின்றன. அந்த நிலையில் அடைத்துவிட்டு வளையத்தை எடுத்தால், விலகிய பற்கள் தம் இடத்துக்குத் திரும்பி ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. தகட்டின் தடிமன் விட்டுப்போன இடமும் சேர்ந்து மூடிவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

பிளாஸ்டிக் பல்லில் மூன்று முறை கெடுத்தேன். நாலாவது முறை நூலை விட்டபோது இறங்க மறுத்தது. கொஞ்சம் அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. பக்கத்து மேசையில் இருந்த பெண் கைதட்டினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதுவரைக்கும் எத்தனை பேர் வாயில் நூல் சர்ரென்று போகிற மாதிரி விட்டிருக்கிறேன் என்றுதான் நினைப்பு ஓடியது. முகங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, பச்சைத் துணிகள்தான் வந்தன. அந்தத் துணிகளுக்கு நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் சோழவந்தான் அம்மாவுடையது.

ஒரு செட்டை நானே வாங்கிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். முதல் வாரம் மூன்று பேருக்குப் போட்டேன். கை பழகாததால் நேரம் பிடித்தது. நாலாவது ஆளுக்குப் போடும்போது வளையம் சரியாக உட்காராமல் தெறித்துப் போய்ப் பெரிய டாக்டரின் சட்டைப் பையில் மோதிக் கீழே விழுந்தது. நர்ஸ் சிரித்தாள், நாற்காலியில் படுத்திருந்தவரும் சிரித்தார். பெரிய டாக்டரும் சிரித்தபடி குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார். மதியம் சாப்பாட்டு வேளையில் சிரிப்பு இல்லை.

"பத்து நிமிசத்துல முடியிற வேலைக்கு முக்கா மணி நேரமா? வெளிய எம்புட்டுப் பேரு உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா?"

"பழகுனா சீக்கிரம் வந்துரும் சார். கான்டாக்ட் நல்லா வருது."

"இருபத்தஞ்சு வருசமா நான் போட்டதுக்கெல்லாம் கான்டாக்ட் வரலயா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "சரி சார்" என்றேன். செட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடைத்து இரண்டு வருடம் கழித்து அந்த அம்மா நாலாவது முறை வந்த நாளில் பெரிய டாக்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இந்தத் தடவை கன்னம் உப்பியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எலும்பு கரைந்து இறங்கியிருந்தது. நான் அடைத்த பல் பரவாயில்லை. அதற்கு அடுத்து ஒரு குறையும் இல்லாமல் இருந்த ஏழாம் பல், வருடக்கணக்காக அங்கே தங்கி அழுகிய சாப்பாட்டால் வேர்ப்பக்கம் கறுத்துப்போயிருந்தது.

நான் போட்டதை நானே பெயர்த்தெடுத்தேன். துண்டுப் பட்டையும் ஆப்பும் வளையமும் வைத்துத் திரும்ப அடைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. நூல் டக்கென்று உட்கார்ந்தது. ஏழாம் பல்லைச் சுத்தம் செய்து மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினேன். அது பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா உப்பிய கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நான் என்ன தப்பு செஞ்சேன் தாயி? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் விளக்குறேன். ரெண்டு நேரமும் விளக்குறேன். உப்புத் தண்ணியில கொப்பளிக்கிறேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் செய்யலம்மா. மொதல்ல அடைச்சது சரியில்ல."

அடைச்சது சரியில்ல. யார் அடைத்தது என்று சொல்லாமலே தமிழில் இப்படி ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். நான் முடித்தேன். அது உண்மையும்கூட. அந்த நிமிடம் தைரியசாலி என்றுகூட என்னை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். சீட்டு வாங்கவில்லை, உட்காரவும் இல்லை. பத்துப் பதினைந்து பேர் காத்திருந்த கூடத்தில் நின்றுகொண்டு பெரிய டாக்டரை வெளியே வரச் சொன்னார். அவர் கையுறையோடு வந்தார். பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நான்.

"வெத்தல வெத்தலன்னு எழுதி வச்சீகளே. இந்தா, என் வாயப் பாருங்க. ஒரு கறை இருக்கா? எதாச்சும் ஒரு நாளு, வெத்தல போடுவியான்னு என்கிட்டக் கேட்டீகளா?" குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நீங்க அடைச்சது சரியில்லன்னு இந்தப் பிள்ள சொல்லுது. அந்தப் பிள்ளைக்கு இருக்கிற மனசு உங்களுக்கு இல்லையே. நல்லா இருந்த பல்லு போகப்போகுது. இதுக்கா நான் அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தேன்?"

பெரிய டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அதில் ஒரு கண்ணாடியும் ஒரு கொக்கியும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லியிருந்தாலும் போதும். அவர் சொல்லவில்லை. பாதியில் எழுந்துபோய் மீதி வேலையை வேறு கையில் விட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்வது அவருக்கு இதைவிடக் கேவலமாக இருந்திருக்கும். "உக்காருங்கம்மா, பேசலாம்" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. படியிறங்கிப் போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"அந்த அடைப்பு யாரு போட்டதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"நீங்கதான சார் விடுங்க, பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். கை யாருது?"

மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

வேறு வேலை தேடினேன். இரண்டு இடங்களில், பேஷண்டிடம் டாக்டரைக் காட்டிக் கொடுக்கிற பெண்தானே என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் அதைக் கேட்கவில்லை. ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் எழுமலை போகிற ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து ஒற்றை நாற்காலியோடு நானே தொடங்கினேன்.

நர்ஸிடம் என் நம்பரை வாங்கிக்கொண்டு சோழவந்தான் அம்மா அங்கேயும் தேடி வந்தார். ரெண்டு பஸ் மாற வேண்டும். ஏழாம் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. நான்தான் பிடுங்கினேன். அது உடையாமல் முழுசாக வந்ததற்கு எனக்கு நன்றி சொன்னார். அதன் பிறகு எழுமலையில் வாக்கப்பட்டிருந்த தங்கச்சியைக் கூட்டிவந்தார். தங்கச்சி வீட்டுப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். புது இடத்தில் எனக்கு முதலில் வந்த கூட்டமே அவர் கூட்டிவந்ததுதான்.

வந்தவர்களிடம் வெளி பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்வார். நடுவில் ஒரு தட்டிதான், உள்ளே எனக்கு எல்லாம் கேட்கும். "மதுரையில ஒரு பெரிய டாக்டரு என் பல்லக் கெடுத்துப்புட்டாரு. இந்தப் பிள்ளதான் அந்த ஆளுக்குப் பயப்படாம உள்ளதச் சொல்லுச்சு. அதுக்காகவே வேலைய விட்டுத் தூக்கிட்டாக." ஒவ்வொரு தடவையும் பெரிய டாக்டர் இன்னும் கொஞ்சம் மோசமானவர் ஆனார், நான் இன்னும் கொஞ்சம் நல்லவள் ஆனேன். ஒரு தடவை, நான் அவரைக் கையை நீட்டிக் கேள்வி கேட்டேன் என்றுகூடச் சொன்னார். நான் உள்ளே கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன்.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் அவர் மட்டும் வந்திருந்தார், வெளியே வேறு யாரும் இல்லை. பல்லைப் பார்த்து முடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க பல்ல மொதல்ல அடைச்சது நான்தான். சார் ஊசி போட்டாரு, சொத்தைய எடுத்தாரு. அடைச்சது என் கை. சரியா வரலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார்.

"வெத்தல போடலன்னு சொன்னேனே. அத அவருகிட்டச் சொன்னீகளா?"

"இல்லம்மா."

"சரி, தப்பா அடைச்சது கூடப் பெருசில்ல. கைவேலைன்னா தப்பும். நானும் சொத்த இலைய உள்ள வச்சுக் கட்டியிருக்கேன். நான் அவர அம்புட்டுப் பேரு முன்னாடி பேசும்போது ஏன் தாயி பாத்துக்கிட்டே நின்னீக?"

"பயந்துட்டேன்மா."

"எனக்கு மட்டும் பயமில்லையா? ஒரு பெரிய மனுசர இப்பிடிப் பேசிப்புட்டமேன்னு மூணு நாளு சோறு இறங்கல. நீங்க சொன்னத நம்பித்தான போய் நின்னேன்."

அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அழவில்லை. அவரும் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்றார். சொன்ன விதத்திலேயே அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்தது.

அதன் பிறகு தங்கச்சியும் வரவில்லை. பாதியில் நின்ற வேர் சிகிச்சை ஒன்று அவருக்கு இருந்தது. போன் செய்தேன். வேறு இடத்தில் பார்த்துக்கொண்டோம் என்று வீட்டில் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பழைய கிளினிக் நர்ஸ் போன் செய்தாள். எங்களுக்குள் எப்போதாவது பேச்சு உண்டு.

"அக்கா, அந்தச் சோழவந்தான் அம்மா வந்துச்சு. சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. தெரியாம ஒரு வார்த்தை கூடப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீகன்னு."

"சார் என்ன சொன்னாரு?"

"அவரு பெரிய மனசா, அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்மான்னாரு. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது, அத நம்பிக் குடுத்தது என் தப்புதான்னும் சொன்னாரு. அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மேல்பல்லு ஒண்ணுல சொத்தைன்னு அன்னைக்கே அவரே அடைச்சுவிட்டாரு."

"எந்தப் பட்டையப் போட்டு அடைச்சாரு?"

"எப்பவும் போடுற வட்டப் பட்டைதான். வேற என்ன இருக்கு இங்க?"

போனை வைத்த பிறகு நான் சொன்ன உண்மை அந்த அம்மாவை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பார்த்தேன். நான் பேசாமல் இருந்தபோது ஒரு பல் போனது. வாயைத் திறந்தேன், அவர் திரும்ப அதே நாற்காலியில் போய்ப் படுத்திருக்கிறார். அதற்கு முன்னால் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். மேல்பல்லில் சாப்பாடு மாட்டினால் காத்திருக்க வேண்டாம், என்னிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை, எங்கேயாவது உடனே காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்றேன். முழுவதையும் கேட்டார். பின்னணியில் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது, வெற்றிலை கட்டுகிற இடமாக இருக்கும்.

"சரி தாயி. நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வைத்துவிட்டார்.

நான் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.